தூசி படிந்த பாதி

பாலகுரு கறுப்புத் திரையை இழுத்துக்கொண்டிருந்தான். வெளியே அமீரகத்து ராஸ் அல் கைமாவின் மே மாத வெயில். கண்ணாடிக் கூடத்துக்குள் குளிர். இங்கே வளரும் மேப்பிள் மரங்களுக்கு மாலை நான்கு மணிக்கே இரவாக வேண்டும். பகல் சுருங்கினால்தான் மரம் இலையுதிர்காலம் வந்துவிட்டதாக நம்பும். பச்சையம் செய்வதை நிறுத்தும். அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பு அப்படியல்ல. அதை இலை புதிதாகச் செய்ய வேண்டும். அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும்.

இதையெல்லாம் அவனுக்குச் சொன்னது அண்ணன் வேலுச்சாமி. சூப்பர்வைசர் நிஜாமிடமும் அவரேதான் போய்ச் சொன்னார்: "பாய், கண்ணாடில தூசி இருந்தா மஞ்சளோட நின்னுடும்."

"அப்ப ஏறிக் கழுவு."

அது பத்து நாளுக்கு முன். உச்சி வெயில். இங்கே மதிய வெயிலில் வேலை செய்ய அரசு தடை போட ஜூன் ஆக வேண்டும். பாதிக் கூரை கழுவியிருந்தபோது அண்ணன் சுருண்டு விழுந்தார். கீழே இறக்கும்போது மூச்சு இல்லை.

இன்றிரவு அண்ணனின் உடலோடு பெட்டி திருச்சிக்குப் போகிறது.

"திரைய விடுடா" என்றபடி நிஜாம் வந்தார். மரத்தைக் காட்டினார். ஒரு பக்கம் ரத்தச் சிவப்பு, மறுபக்கம் வெறும் மஞ்சள். "நாளைக்குத் திறப்பு விழா. முதலாளி முழுசும் சிவப்பா கேக்குறார்."

"அண்ணன்கூட நானும் போகணும் பாய். அங்க அண்ணி தனியா நிக்கும்."

"போ, யாரு வேணாம்னா? மீதியக் கழுவிட்டு வா, பாஸ்போர்ட்டு என் கையில ரெடி. வேலு இருந்தா உன்ன எதுக்குக் கேக்குறேன்?"

பாலகுரு ஒரு மஞ்சள் இலையைத் தொட்டான். தொட்டதுமே கையோடு வந்தது. காம்பின் அடியில் மரம் தக்கைபோல ஒரு அடுக்கு வளர்த்து வழியை அடைத்துவிட்டிருந்தது. இனி எவ்வளவு வெயில் பட்டாலும் இது சிவக்காது. 'காத்து தள்றதில்லடா, மரமே கழட்டி விட்டுடும்' என்று அண்ணன் ஒருமுறை சொல்லியிருந்தார்.

"சரி பாய்" என்றான்.

மேலே கண்ணாடி இன்னும் கொதித்தது. அண்ணன் நிறுத்திய இடத்தில் சோப்பு நுரை வெள்ளைக் கோடாகக் காய்ந்திருந்தது. அதைத் தாண்டி, தூசியில், ஐந்து விரலும் விரிந்த ஒரு கை பதிந்திருந்தது. விழும்போது ஊன்றியிருக்கிறார்.

பாலகுரு தொலைவான ஓரத்திலிருந்து கழுவிக்கொண்டு வந்தான். அந்தக் கையைச் சுற்றிக் கழுவினான். முடித்து வாளியை எடுத்தான்.

கீழே, மரங்களுக்கு நடுவே, நிஜாம் அண்ணாந்து நின்றார். விட்டுப்போன அந்தத் திட்டை விரலால் காட்டி, துடைக்கும்படி கையை ஆட்டினார். அவர் சட்டைப் பையில் பாஸ்போர்ட்டின் நீல ஓரம் தெரிந்தது.

பாலகுரு துணியை நனைத்துப் பிழிந்தான்.