கை முந்தும், கால் பிந்தும்

ஆகஸ்ட் 14, சனி. இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். உடையாததை உடைந்தது என்று எழுதி ஒதுக்கிவிட்டேன்.

இதை எழுதிவிட்டு அவன் 'சின்ன' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். கோடு போட்டு அடிக்கவும் மனம் வரவில்லை, அப்படியே விடவும் மனம் வரவில்லை.

பகலில் அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பான். கீறல் கண்ணில் பட்டால் கை தானாகக் கழிவுப் பெட்டிக்குப் போகும். மாலையில் விலங்கியல் வகுப்பு. அதுவும் அடுத்த வாரத்தோடு விடுமுறைக்கு மூடுகிறார்கள். மற்றவர்களுக்குப் போக ஓர் இடம் இருந்தது. அவனுடைய அம்மா, குழந்தை பெற்ற அக்காவோடு விமானம் ஏறிப் போக வேண்டிய தூரத்தில் இருந்தாள். அவனுக்கு மிஞ்சியது ஒற்றைக் கட்டில் அறையும், சுவருக்கு அந்தப் பக்கம் இருமுகிற முகம் தெரியாத ஒரு மனிதரும்தான். கடையில் லென்ஸ் பேசாது. ஞாயிறு முழுக்க வாய் திறக்காமலே இருந்துவிட்டு, திங்களன்று தன் குரலைக் கேட்டு அவனே திடுக்கிட்டிருக்கிறான்.

அதனால்தான், விடுமுறையில் ஆய்வுக்கூடத்துக்கு உதவியாள் ஒருவர் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகக் கையைத் தூக்கினான். சம்பளம் கிடையாது. ஆனால் பேச்சுத் துணை உண்டு.

பொறுப்பாளர் அம்மாள் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க நடப்பவர். வகுப்பில் அவருக்குப் பெயரே 'பூட்டம்மா'. இன்று மாலை வகுப்பில் அவன் முன்னால் ஒரு தட்டு நிறையக் குப்பிகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றிலும் பதப்படுத்தும் திரவத்தில் அவரை விதை அளவுக்கு ஒரு குட்டி மிதந்தது.

"சீட்டு உதிர்ந்துபோன குப்பிங்க. பாதி எலி, பாதி பைப்பிராணி. கங்காரு மாதிரி வயித்துப் பையில குட்டியச் சுமக்குமே, அது. ரெண்டையும் பிரிச்சு வயசுப்படி வரிசையா வை. சேதமானதுக்குச் சீட்டு ஒட்டி அந்தக் கழிவுப் பெட்டியில போடு. வரிசை சரியா இருந்தா விடுமுறைக்கு ஒரு சாவி உனக்கு."

பக்கத்துப் பெஞ்சிலிருந்து, கூடப் படிக்கும் கண்டக்டர் அக்கா எட்டிப்பார்த்தாள். பஸ்ஸில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை அவளுக்கு.

"தம்பி, மூஞ்சிய இப்படித் தொங்கப்போட்டுக்கிட்டு அடுக்காதப்பா. குட்டிங்க பயந்து மறுபடியும் பைக்குள்ள போயிடும்!"

அவன் சிரித்தான். பதிலுக்கு ஏதாவது சொல்லலாம் என்று யோசிப்பதற்குள் அவள் திரும்பிவிட்டாள்.

எலி அவனுக்குப் போன வாரப் பாடம். கையும் காலும் ஏறக்குறைய ஒன்றாக முளைக்கும் என்று படம் போட்டே வைத்திருந்தான். அந்த அளவுகோலைத்தான் பைப்பிராணிக்கும் வைத்தான். சில குட்டிகளுக்கு நகத்தோடு தடித்த கைகள் இருந்தன. கால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மொட்டு. ஒடிந்திருக்கிறது என்று முடிவு கட்டினான். 'சேதம்' என்று எழுதி ஒட்டினான். கடைப் பழக்கம், கை தானாகப் பெட்டிக்குப் போனது.

அறைக்கு வந்ததும் கூடப்பிறந்த அக்காவின் போன். திரையில் அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது; குழந்தை அவள் கூந்தலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான்.

"டேய், உன் மருமகன் அட்டகாசம் தாங்கலடா. பிடிச்சான்னா உடும்புப்பிடி. கால் மட்டும் பழந்துணி மாதிரி துவளுது."

"கால்ல எதாவது கோளாறாக்கா?"

"போடா கூமுட்டை! கை முந்தும், கால் பிந்தும். கால் எங்கயும் போயிடல. இன்னும் வரல, அவ்வளவுதான். நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னான். அழைப்பு முடிந்ததும் அறையின் அமைதி சட்டென்று காதை அடைத்தது. அந்த அமைதியில்தான் உறைத்தது. கடையில் இரண்டு லென்ஸில் ஒரே மாதிரிக் கீறலை அவன் பார்த்ததே இல்லை. இத்தனை குட்டிகளுக்கும் ஒரே இடத்தில், ஒரே மாதிரியா ஒடியும்?

அவை ஒடிந்தவை அல்ல. பாதி வளர்ச்சியிலேயே பிறப்பவை. கண் திறவாமல், தாயின் ரோமத்தைப் பற்றித் தானே ஏறிப் பைக்குள் போய்க் காம்பைக் கவ்வ வேண்டிய குட்டிக்கு முதலில் வேண்டியது கையும் வாயும்தான். காலும் மூளையும் பைக்குள் போய் ஆற அமர வளரலாம். எலிக்கு அந்த அவசரம் இல்லை. அதே கைதான், அதே கால்தான். யுகயுகமாக மாறி வந்தது எது முந்துவது, எது பிந்துவது என்கிற முறை. அவனோ பைப்பிராணி வரிசையின் தொடக்கத்தையே தூக்கிக் குப்பையில் போட்டிருந்தான்.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? மிச்ச வரிசை பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. சொன்னால் சாவி போய்விடலாம். போனைக் கையில் எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான்.

நடந்ததை அவன் சொல்லி முடிக்கும்வரை பூட்டம்மா போனில் கேட்டுக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் 'சேதம்'னு ஒட்டிட்டியா?"

"ஆமாம்மா. அழுத்தி ஒட்டிட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு அடங்கியது போலிருந்தது. "பெட்டிய திங்கக்கிழமைதான் எடுப்பாங்க. நாளைக்குக் காலையில நான் இருப்பேன், வா."

"அம்மா, அந்தச் சாவி..."

"மொதல்ல வரிசைய முடி. அதப் பார்த்துட்டுச் சொல்றேன்."

போனை வைத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. அவனும் ஒருமுறை இருமிப் பார்த்தான். பதில் வரவில்லை. குறிப்பேட்டில் 'சின்ன' என்பதை ஒரே கோடாக அடித்துவிட்டு, கீழே எழுதினான்:

நாளை: குப்பிகளைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும். சீட்டுகளை வெந்நீரில் ஊறவைத்து உரிக்க வேண்டும். கால் வராதவற்றை வரிசையின் முதலில் வைக்க வேண்டும்.