தப்பாகப் போட்ட கோடு

அண்ணன் வீடு கட்டிக் குடிபோன பிறகுதான் அந்த வரைபடம் வெளியானது. பூமிப் பிளவு ஒன்று அவன் வீட்டுக்கு நேர் அடியில் போவதாக அதில் ஒரு கோடு. போட்டவள் தங்கை, நிலவியல் துறையில் வேலை. விமானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து உத்தேசமாகப் போட்டது என்று அவள் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை.

"கோடு போட ஊர்ல வேற இடமே கிடைக்கலையா உனக்கு?" என்று கேட்டதோடு அவளிடம் பேசுவதையே நிறுத்திக்கொண்டான்.

கோடு சரியென்றால் வீட்டை இடிக்க வேண்டியதுதான்; தோண்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. வீட்டை ஒட்டிய காலிமனையும் அவனுடையதுதான். அண்ணிதான் அவனைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தாள். வீட்டுக்கு இணையாக, அதன் நீளத்தையும் தாண்டி, ஆளுயரத்துக்கு மேல் ஆழமாகப் பள்ளம் வெட்டி, மண் சரியாமல் முட்டுக்கொடுத்தார்கள். தங்கை உள்ளே இறங்கினாள். கொத்தனார் கரண்டியால் பள்ளத்தின் பக்கச் சுவரைச் சுரண்டி, மண் அடுக்குகளை ஆணியும் கயிறுமாகக் குறித்துக்கொண்டே போனாள். பூமி பிளந்த இடம் என்றால் அடுக்குகள் அறுந்திருக்க வேண்டும்.

கோடு காட்டிய இடத்தில் எதுவும் அறுந்திருக்கவில்லை. ஆனாலும் அவள் அத்தோடு விடவில்லை. கண் தவறவிட்டிருந்தால்? மறுபடி சுரண்டினாள். கொல்லைச் சுவரையெல்லாம் தாண்டிப் பள்ளத்தின் கோடிக்கு வந்தபோது மணல் அடுக்கு வெட்டினாற்போல் அறுந்து, முழங்கால் உயரம் கீழே இறங்கிக் கிடந்தது.

"அண்ணா! இங்க வா!"

ஜன்னலில் நின்று பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தவன் ஏணியில் தடதடவென்று இறங்கினான்.

"பூமி பிளந்தது இங்கதான். உன் வீட்டுப் பக்கம் பாரு, அடுக்கெல்லாம் பாய் விரிச்ச மாதிரி இருக்கு."

"அப்போ வீட்டை இடிக்க வேண்டாமா?"

"வேண்டாம். நிலநடுக்கம் வந்தா ஆடும், அது வேற. ஆனா வீட்டுக்கு நடுவுல தரை பிளக்காது. நான் போட்ட கோடுதான் தப்பு."

சொல்லிவிட்டு ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது; சிரிப்பும் வந்தது. அண்ணனும் வேட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"செஞ்சது தப்புன்னு தெரிஞ்சு இவ்வளவு சந்தோஷப்படுற ஆளை இப்பதான் பாக்கறேன்" என்றான்.

மேலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, என்ன சொல்றா?"

அவன் அண்ணாந்து பார்த்தான். "இவளுக்கும் சேர்த்துச் சாப்பாடு எடுத்து வை" என்று மட்டும் சொன்னான்.