நாத்தனார் வாயும் சிறியாநங்கைச் சாறும்

"என் நாத்தனார் வாயைத் திறந்தா போதும் சார், புற்றுச் செல் கொத்துக் கொத்தா செத்து விழும்."

அண்ணிக்காரி சொன்ன வேகத்தில் ஆய்வுக்கூடத் தலைவர் குடித்த தேநீர் மூக்கு வழியாக வெளியே வந்தது. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவதால் அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர். அவரே அன்று கழுத்தைக் குறுக்காக ஆட்டினார்.

எதிரே நாத்தனார் பல்லைக் கடித்த சத்தம் மூன்று மாடிக்குக் கேட்டது. இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள். சமையலறையில் தீராத சண்டையைச் சாப்பாட்டு டப்பாவோடு கட்டிக்கொண்டு வேலைக்கு வருகிறவர்கள். மூலிகைப் பிரிவு நாத்தனாருடையது, செல் வளர்க்கும் அறை அண்ணியுடையது.

சிறியாநங்கை இலைச்சாறு புற்றுச் செல்லைக் கொல்லுமா என்று சோதனை. செல் வளரும் தட்டில் பாதிக் குழிகளுக்குச் சாறு, மீதிக்கு வெறும் தண்ணீர். சாறு விட்ட குழி செத்து, தண்ணீர்க் குழி பிழைத்தால்தான் மூலிகைக்கு வெற்றி. ஆனால் எல்லாக் குழியும் செத்துக் கிடந்தது. செல்கள் மிதக்கும் இளஞ்சிவப்புத் திரவம் மஞ்சளாகிக் கலங்கியிருந்தது, கிருமி புகுந்ததற்கு அடையாளம்.

"என் சாறு அதோட வேலையைச் செஞ்சிருச்சு சார். தண்ணிக் குழியைக் கெடுத்தது அண்ணியோட அழுக்குக் கை. அவங்களை அந்த அறையை விட்டு அனுப்புங்க."

பெற்ற பிள்ளையைத் தூக்கக்கூட அண்ணி இத்தனை முறை கை கழுவியதில்லை. அந்த அறை போனால் அப்புறம் இந்தக் கூடத்தில் அவளுக்கு என்ன இருக்கிறது?

"கை இல்ல சார், வாய்! அன்னைக்குச் சாறு ஊத்துறப்ப தட்டு திறந்திருக்கு. இவ முகமூடிகூடப் போடாம கண்ணாடித் தடுப்புக்குள்ள தலையை விட்டு, சாறை நான் குறைச்சு ஊத்துறேன்னு கத்து கத்துன்னு கத்துறா. கிருமியைத் தடுக்கிற மருந்தைக் கலக்கவும் விடல. சாறோட அது மோதுமாம்!"

"கத்தினா செல் சாகுமா? கதை விடாதீங்க அண்ணி!"

"கத்துறப்ப தெறிக்கிற எச்சில்ல கிருமி இருக்கே! இப்பவே பார்த்துடலாம், வா."

செல் அறையில் சுத்தமான அதே திரவம் ஊற்றிய இரண்டு கிண்ணங்கள் திறக்கப்பட்டன. ஒன்றின் மேல் அண்ணி முகமூடியோடு நின்று, உறை போட்ட 'அழுக்குக் கை'யை ஆட்டித் திட்ட வேண்டும். மற்றதன் மேல் நாத்தனார், அன்று போலவே முகமூடி இல்லாமல்.

நாத்தனார் உதட்டை இறுக்கிக்கொண்டாள். "மாட்டேன்."

"அதான் உங்க அண்ணன் சொல்றாரு, சிறியாநங்கையே உன்கிட்ட வந்து கசப்பு கத்துக்கணும்னு."

அவ்வளவுதான். அணை உடைந்தது. கல்யாணத்தில் கொடுக்காத மரியாதையில் ஆரம்பித்து, நேற்று அணைக்காமல் விட்ட விளக்கு வரை வந்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, நுண்ணோக்கி கூசிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டது. அண்ணியும் சளைக்கவில்லை, முகமூடி பலூன் மாதிரி உப்பியது. ஆமாஞ்சாமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, பழக்க தோஷத்தில் இரண்டு பேருக்கும் தலையாட்டினார்.

கிண்ணங்களை மூடி வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்து, சாவியை ஆமாஞ்சாமியே எடுத்துப் போனார். அன்று வீட்டில் இரண்டு பெண்களும் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன்காரன் பயந்துபோய்ச் சீக்கிரமே படுத்துவிட்டான்.

காலையில் பெட்டி திறந்தது. அண்ணியின் கிண்ணம் இளஞ்சிவப்பாக, கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. நாத்தனாருடையது மஞ்சள் பூத்துக் கலங்கியிருந்தது. அதில் ஒரு சொட்டை எடுத்து அண்ணி நுண்ணோக்கியில் வைத்தாள்.

"பாரும்மா. எல்லாம் உன் பிள்ளைகள்தான்."

நாத்தனார் குனிந்தாள். சந்தைக் கூட்டம்போல் கிருமிகள் முட்டி மோதிக்கொண்டிருந்தன. தலையைத் தூக்கியபோது அண்ணியைப் பார்க்காமல் ஆமாஞ்சாமியிடம்தான் பேசினாள்.

"அறை அவங்ககிட்டயே இருக்கட்டும் சார். சாறு கொல்லுதா இல்லையான்னு இனிமேதான் பார்க்கணும்." மேஜையிலிருந்த முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "அந்தத் தட்டுல இருந்ததை எல்லாம்... நான் கத்தித்தான் கொன்னிருக்கேன்."