ஆறாம் அத்தியாயத்தின் குரல்

அப்பாவு கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே முதல் அடியைப் போட்டுவிட்டான். இரும்புக் கம்பி யாசரின் வலது மணிக்கட்டில் இறங்கியது. மேசையில் இருந்த மைக் உருண்டு போய் எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியை ஜபீனின் காலடியில் விழுந்தது.

"இப்ப சொல்லு பாய். அதுல பேசுனவன் எவன்?"

கும்மிடிப்பூண்டி பஜாரில் யாசர் நடத்தியது ஒரு பிரவுசிங் சென்டர். வாப்பாவுக்குப் பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம், மகனுக்குப் பேச்சு வியாபாரம் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். புதிதாகப் புத்தகம் எழுதிய ஆராய்ச்சியாளர்களைப் பின்னறையில் உட்காரவைத்துப் பேசவிட்டு, அதை இணையத்தில் ஏற்றுவான். பாட்காஸ்ட் என்று அதற்குப் பெயர். கேட்கிறவர்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். உள்ளூரில் எவன் கேட்கப்போகிறான் என்பது அவன் நினைப்பு.

ஜபீனின் புத்தகம் கம்பி மில் சாவுகளைப் பற்றியது. அதில் ஆறாம் அத்தியாயம் ஒரு தொழிலாளியின் வாக்குமூலம். கம்பியை நீட்டும் உருளையிலிருந்து தப்பிப் பாய்ந்த, பழுக்கக் காய்ந்த கம்பி, பீட்டர் என்பவனின் தொடையைத் துளைத்து மறுபக்கம் வந்துவிட்டது. உயிர் இருக்கும்போதே அவனை லாரியில் ஏற்றி, ஆரம்பாக்கம் பக்கம் நெடுஞ்சாலையில் போட்டு, வண்டி மோதிச் செத்தான் என்று கணக்கை முடித்தார்கள். முடித்தவன் மில்லுக்கு ஆள் விடும் காண்டிராக்டர் அப்பாவு. புத்தகத்தில் அவன் பெயர் இல்லை, சாட்சியின் பெயரும் இல்லை. ஆனால் போன வாரம் ஏற்றிய பேச்சில் சாட்சியின் குரலை யாசர் சேர்த்திருந்தான். ஆள் தெரியாதபடி கணினியில் குரலைத் தடிமனாக்கித்தான் சேர்த்திருந்தான். அன்றைய ஷிப்டில் இருந்த எல்லோர் வாயையும் மிரட்டிக் கட்டிவைத்திருந்த அப்பாவுக்கு, அதில் ஒரு வாய் மட்டும் எப்படித் திறந்தது என்று தெரிந்தாக வேண்டும்.

"எழுதுனது நான்," என்றார் ஜபீன். "என்னைக் கேளுங்க."

"உன்னக் கேட்டா இன்னொரு புக்கு எழுதுவ. குந்தும்மா."

கூட வந்திருந்த கோபால் யாசரின் முழங்காலில் உதைத்தான். யாசர் நாற்காலியோடு சாய்ந்தான். தலை சுவரில் மோதி, காதுக்குள் கொதிக்கும் எண்ணெயை ஊற்றியதுபோல இருந்தது. ஆசீர்வாதம் என்ற அந்தச் சாட்சியின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

"தெரியாதுண்ணா. என் கைக்கு வரும்போதே குரலு அப்டித்தான் இருந்திச்சி."

"அப்டியா? சரி, போடு. பாட்டு கேக்குற மாறி எல்லாரும் கேப்போம்."

இடது கையால் மவுஸைப் பிடித்து யாசர் பதிவை ஓடவிட்டான். தவலைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் குரல் வந்தது. பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. அப்பாவு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டான். யாசருக்கு லேசாக மூச்சு வந்தது.

மில்லுக்குள் பக்கத்து ஆள் கத்தினாலும் காதில் விழாது. அதனால் இடுக்கியால் கம்பியைப் பிடிக்கிறவன், அடுத்தவனுக்குத் தள்ளுவதற்கு முன் ஒரு சீழ்க்கை அடிப்பான். ஆளுக்கு ஒரு சீழ்க்கை. அதைச் சொல்லிவந்த குரல், பழக்க தோஷத்தில் அடித்தும் காட்டியது. இரண்டு குட்டை, ஒரு நீளம், கடைசியில் சின்னச் சுழி. தடிமனாக்கியபோது அது சாக்கடை கொப்பளிப்பதுபோல அசிங்கமாக இருந்ததால், அந்த இடத்தை மட்டும் யாசர் தொடாமல் விட்டிருந்தான். அதை வெறும் சத்தமாகப் பார்த்தானே ஒழிய, அடித்தவனின் பெயராகப் பார்க்கவில்லை.

காண்டிராக்டர் ஆவதற்கு முன் அப்பாவும் இடுக்கி பிடித்தவன்தான். அவன் முகம் மலர்ந்தது.

"அடடே. நம்ம ஆசீர்வாதம்!"

இருவரும் மில்லுக்குக் கிளம்பினார்கள். போகிற போக்கில் கோபால் மானிட்டரை மிதித்து உடைத்தான். யாசர் ஆசீர்வாதத்தின் செல்லுக்குப் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஷிப்டில் இருக்கிறவன் செல்லைச் சட்டையோடு கழற்றி மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவான். ஜபீன் காரை எடுத்தார். சிப்காட் சாலையில் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓட்டினார். யாசரின் கை பன் போல வீங்கிக்கொண்டே வந்தது.

மில் கேட்டை அவர்கள் நெருங்கும்போதே நாலு பேர் ஆசீர்வாதத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. மார்பில் ரத்தமும் பல்லும்.

"அப்பாவு இவன் இடுக்கியப் புடுங்கி இவன் வாய்லயே போட்டான்ப்பா," என்றான் தூக்கிவந்த ஒருவன். "கீழ வுழுந்தப்புறமும் வுடல. வாய்லயேதான் போட்டான்."

அரசு ஆஸ்பத்திரிக்கு ஆசீர்வாதத்தின் மனைவி மோனிகா செருப்புக் கம்பெனி ஓவர்கோட்டோடு ஓடிவந்தாள். கட்டுப் போட்ட முகத்தைப் பார்த்தாள். திரும்பி யாசரின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அவன் நிமிர்வதற்குள் இன்னொன்று.

"பேரு வராது, குரலு தெரியாதுன்னு என் ஊட்ல குந்திக்கினுதானடா சொன்ன? என் கையால டீ வாங்கிக் குடிச்சிக்கினு சொன்னியே!"

"அக்கா, அத இப்பவே அழிச்சிடறேன்..."

"அழிச்சா? அந்தத் தாடை ஒட்டிக்குமா?"

ஜபீன் அழுதுகொண்டிருந்தார். கட்டிலில் ஆசீர்வாதம் முனகினான். கையைத் தூக்கி, ஜபீனின் பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த ரெக்கார்டரைக் காட்டினான். பிறகு தன் வாயைத் தொடப்போய், வலியில் கையை எடுத்தான்.

மோனிகா அவனையே பார்த்தாள். "இன்னாய்யா? இன்னும் பேசணுமா உனக்கு?"

அவன் விரல் மறுபடியும் ரெக்கார்டரையே காட்டியது.

"எடு அத," என்றாள் மோனிகா. "எனக்குத் தெரியாததா? பீட்டர் செத்ததுலேர்ந்து தூக்கத்துல அதத்தான் பெனாத்துறாரு."

"மோனிகா, யோசிச்சிக்கங்க," என்றார் ஜபீன். "இந்தத் தடவை குரலையும் பேரையும் நல்லா மாத்தி..."

"மாத்துன லட்சணம்தான் பாத்தேனே. ஒண்ணையும் மாத்தாத."

யாசர் இடது கையால் பொத்தானை அழுத்தினான். அவன் கன்னத்தில் அவளுடைய விரல்கள் பதிந்திருந்தன.

"ஓடுதா? என் பேரு மோனிகா. என் ஊட்டுக்காரரு ஆசீர்வாதம், கம்பி மில்லுல இடுக்கி புடிக்கிறவரு. இன்னிக்கி அவர் வாய ஒடச்சவன் காண்டிராக்டர் அப்பாவு. பீட்டர லாரில ஏத்தச் சொன்னவனும் அவன்தான். ஏத்தும்போது பீட்டர் சாவல. பேசிக்கினு இருந்தான். தண்ணி கேட்டான்."