மருந்தில்லை, மிட்டாய்

சனிக்கிழமை காலையில் முனிராஜுக்குக் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கடத்தூரிலிருந்து ஆம்புலன்ஸில் போட்டுத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் கைகளும் துவண்டுவிட்டன. ரத்தத்தில் பொட்டாசியம் என்கிற உப்பு அடிமட்டத்துக்குப் போய்விட்டது, இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது, எந்த நேரமும் நின்றுவிடலாம் என்று டாக்டர் ஐஸ்வர்யா சொன்னபோது அவன் மனைவி சுகுணாவுக்குக் காது அடைத்துக்கொண்டது.

"பேதி, வாந்தி ஏதாச்சும் இருந்துச்சாம்மா?"

"இல்லீங்க மேடம்."

"நீர் போறதுக்கு மாத்திரை?"

"தலவலி மாத்திரகூடப் போட மாட்டாருங்க."

"நாட்டு மருந்து, லேகியம், சூரணம்?"

"மருந்துன்னு எதுவுமே இல்லீங்க."

சுகுணா பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷம் அவள் மனசில் இருந்தது அதுதான்.

பீடியை விட்ட புதிதில் முனிராஜுக்கு இருமல் குடலைப் பிடுங்கியது. அதிமதுர வேரைத் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அவன் ஒரு வாய் வைத்துவிட்டு வாசலில் துப்பினான். இவளும் விடுகிற ஆளில்லை. அதே கஷாயத்தைச் சுண்டக் காய்ச்சி, வெல்லப்பாகில் கிளறி, உருட்டிக் கொடுத்தாள். இருமலும் போயிற்று, பீடி நினைப்பும் போயிற்று. அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கினார்கள். அதியமான்கோட்டையில் ஹைவே ஓரம் டீக்கடை வைத்திருக்கும் நவநீதன் பாக்கெட் பாக்கெட்டாகக் கேட்டான். 'இருமலுக்குக் கைகண்ட மருந்து' என்று பெருமையாக அச்சடித்து ஒட்டினாள்.

வந்தார் ஒரு அதிகாரி. மருந்து என்று போட்டால் அதற்கு வேறு லைசென்ஸ், இல்லையென்றால் கேஸ் என்று மிரட்டிவிட்டுப் போனார். அன்றோடு அந்த வீட்டில் அந்த வார்த்தைக்கே தடை. யார் கேட்டாலும் "மருந்தில்லீங்க, வெறும் மிட்டாய்" என்பதுதான் பதில். சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டாள். மிட்டாய்க்கு ஏது அளவு? முனிராஜ் விடிந்ததிலிருந்து படுக்கப் போகும்வரை கன்னத்தில் ஒன்றை அதக்கிக்கொண்டே திரிந்தான். பீடியைவிட இது மேல் என்று அவளும் சட்டைப் பையை நிரப்பி அனுப்பினாள்.

வார்டில் பாட்டில் பாட்டிலாகப் பொட்டாசியம் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை வந்தும் எண் அசையவில்லை. "வாயெல்லாம் கசக்குது புள்ள," என்று முனிராஜ் முனகினான். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் சுகுணா புடவைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு மிட்டாயை அவன் வாயில் வைத்தாள். பாவம், வேறு எதைக் கொடுக்க முடிந்தது அவளால்?

மத்தியானம் டாக்டர் வந்தபோது முகமே சரியில்லை. "எவ்ளோ ஏத்தினாலும் நிக்க மாட்டேங்குது. பிரஷர் வேற ஏறிட்டே போகுது. மூச்சு விடற சதையும் தளர ஆரம்பிச்சிருச்சு. இதே மாதிரி போனா மூச்சு மெஷின்ல போட்டு சேலத்துக்கு அனுப்பணும். போற வழியிலயே என்ன வேணா ஆகலாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "மருந்த விடுங்கம்மா. தண்ணியில இருந்து ஆரம்பிச்சு, இவரு வாயில என்னென்ன போகுதோ எல்லாத்தையும் சொல்லுங்க."

"கேப்பக் களிங்க. சோறு, புளிக்குழம்பு. ரெண்டு வேள டீ. அப்பறம்..."

அந்த அதிகாரியின் முகம் வந்து போனது. அதைவிடப் பெரிய பயம் வேறு ஒன்று. சொல்லிவிட்டு, அந்த மிட்டாய்தான் காரணம் என்று ஆகிவிட்டால்? கட்டிலுக்கு மேலே இதயத் துடிப்பைக் காட்டும் மெஷின் விட்டு விட்டுக் கத்தியது. முனிராஜின் நெஞ்சு ஏறி இறங்குவதே குறைந்துகொண்டு வந்தது.

"அதிமதுர மிட்டாய்ங்க. நான் செய்யறது. நாள் பூரா வாயில போட்டுட்டே இருப்பாரு."

டாக்டர் சட்டென்று கட்டில் பக்கம் திரும்பினார். "கடைசியா எப்பம்மா சாப்பிட்டாரு?"

"இப்பவும் வாயில இருக்குதுங்க."

"அதிமதுரந்தாம்மா பொட்டாசியத்தையெல்லாம் நீர்ல வெளியேத்துது, பிரஷரையும் ஏத்துது." டாக்டர் கை நீட்டுவதற்குள் சுகுணா முந்திக்கொண்டாள். புருஷன் வாய்க்குள் விரலை விட்டு, கடைவாயில் ஒதுங்கிக் கிடந்த உருண்டையைத் தோண்டி எடுத்தாள். முடிச்சில் இருந்ததையும் குப்பைத் தொட்டியில் கொட்டினாள். வாசலுக்குப் போய் நவநீதனுக்குப் போன் போட்டாள்.

மறுநாள்தான் பொட்டாசியம் மெல்ல ஏறியது. மெஷின் கத்துவது நின்றது. அதற்கடுத்த நாள் முனிராஜ் முழங்காலை மடக்கிக் காட்டினான். நர்ஸ் சிரித்ததும் ஐயாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இவ யாருக்கும் தெரியாம ஒரு மிட்டாய் குடுத்தா சிஸ்டர். அதுதான் என் உசுரப் புடிச்சு வெச்சுது."

சுகுணாவுக்கு அங்கே நிற்கவே கூசியது. நர்ஸ் நகர்ந்ததும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இல்லீங்க. அதுதான் உங்களக் கொன்னிருக்கும். டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நான்தான் எடுத்து எடுத்துக் குடுத்திருக்கறேன்."

திட்டுவான் என்று காத்திருந்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"அப்ப கடைக்குப் போட்டது?"

"எடுக்கச் சொல்லிட்டேங்க. நாலு பாக்கெட்தான் மிச்சமாம். மீதியெல்லாம் வித்துப்போச்சாம்."

"யாரு வாங்குனது?"

"பஸ்ஸுல போறவங்க," என்றாள் சுகுணா. "எந்த ஊருன்னு டீக்கடைக்காரருக்குத் தெரியலயாம்."