பதினேழாம் எண் சொன்னது

1

இந்தக் கதை ஒரு பொய்ப் படிவத்திலிருந்து பிறந்தது. நிரப்பியவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களே கண்டுபிடித்து என்னை ஒரு மாதிரி பார்ப்பதற்கு இது பரவாயில்லை.

சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. ஒரு புது வண்டி விற்பனைக்கு வரும் முன்பு அதை ஒரு மண்டபத்தில் நிறுத்துவோம். பெயரையும் சின்னத்தையும் கறுப்பு டேப் ஒட்டி மறைப்போம். முன்பின் தெரியாத ஆட்களைக் கூப்பிட்டு ஏறி உட்காரச் சொல்வோம். கதவைத் திறப்பார்கள், மூடுவார்கள், இருக்கையை அமுக்கிப் பார்ப்பார்கள். சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்வோம். தொழிலில் இதற்குக் கிளினிக் என்று பெயர். நோயாளி வண்டியா, வந்தவர்களா என்பது ஆறு வருஷமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

இந்த முறை வந்தது ஒரு சின்ன எஸ்யூவி.

கதையை மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

(அ) "மண்டபத்தின் நடுவில், வெள்ளை விளக்குகளுக்குக் கீழே, அது ஒரு" ஒரு என்ன? இது விளம்பரம் எழுதிப் பழகிய கை. விட்டுவிட்டேன்.

(ஆ) "என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது." உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் முகத்தைச் சாய்த்து வைத்துக்கொள்வீர்கள். அலுவலகத்தில் எட்டு மாதமாக அந்த முகங்களைத்தான் பார்க்கிறேன். அப்புறம் சிரிக்க வேண்டிய இடத்தில்கூடச் சிரிக்க மாட்டீர்கள்.

(இ) "பதினேழாம் எண் வரவில்லை."

இது போதும்.

2

பதினேழாம் எண் வரவில்லை.

மொத்தம் இருபத்துநான்கு பேர் வர வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. பதினேழு என்றால் பெண், முப்பதிலிருந்து முப்பத்தைந்து வயது, திருமணமானவர், வீட்டில் ஸ்கூட்டர் மட்டும் இருப்பது, முதல் கார் வாங்க யோசித்துக்கொண்டிருப்பவர். போன் செய்தேன். எடுத்தார். "இன்னைக்கா?" என்றார். வைத்துவிட்டார்.

எங்கள் மேலாளருக்கு அலுவலகத்தில் சதவீதம் என்று பெயர். சாப்பாடு எப்படி என்று கேட்டால்கூட எழுபது சதவீதம் என்பார்.

"தம்பி, இருபத்துமூணுன்னா செல்லாது. ஒண்ணு குறைஞ்சா மொத்தமும் போச்சு. யாரையாவது புடிச்சு உக்கார வை."

"மண்டபத்துல யாருமே இல்ல சார். எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க."

"அப்ப நான் கேக்கலன்னு வெச்சுக்க."

படிவத்தை எடுத்துக்கொண்டு வண்டியின் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். வயது என்ற கட்டத்தில் முப்பத்திரண்டு என்று எழுதினேன். யோசித்து எழுதவில்லை. அதற்குப் பிறகு மற்றக் கட்டங்களில் எதற்கும் நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

வண்டியைப் பார்த்ததும் என்ன தோன்றியது? "கோபமா இருக்கற மாதிரி மூஞ்ச வெச்சிருக்கு. உள்ளுக்குள்ள பயந்த சுபாவம்."

உயரமான இருக்கை? "பஸ்ல ஜன்னல் சீட்டு கெடைச்ச மாதிரி. யாரும் எழுப்ப முடியாது."

பின் இருக்கை? "அவர் ஓட்டட்டும். நான் பின்னாடி தூங்கிட்டே வருவேன்."

சாமான் வைக்கும் இடம்? "ஊருக்குக் கிளம்பறப்ப எங்க வீட்டுக்காரர் எதை எடுக்கறது, எதை விடறதுன்னு வாசல்லயே நிப்பார். இதுல எதையும் விட்டுட்டுப் போக வேண்டாம்."

பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. கையெழுத்தும் போட்டேன். (யாருடையது என்று கேட்காதீர்கள்.)

3

இங்கே ஒரு சின்னக் கட்டுரை. அவசரமாக இருப்பவர்கள் தாண்டிப் போகலாம்.

இந்த வகை வண்டியை ஏன் இப்படிப் பாய்ந்து பாய்ந்து வாங்குகிறார்கள்? ஆறு வருஷப் படிவங்களிலிருந்து சொல்கிறேன். இது ஜீப் இல்லை. ஜீப் போல உடுத்திக்கொண்ட கார். மலையேறாது. ஆனால் ஏறும் என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைத்துக்கொள்வார். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் காய்கறி வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும்தான் எடுக்கப்போகிறார்கள். அது அவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு நாள் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு எங்காவது கிளம்பிவிடலாம் என்ற எண்ணம், வண்டி சும்மா நிற்கும்போதும் வாசலில் நிற்கிறது. சின்ன எஸ்யூவியில் விற்பது அந்த எண்ணம்தான். அத்துடன் சக்கரங்களும் தருகிறார்கள்.

இதை அறிக்கையில் எழுதினேன். சதவீதம் அடித்துவிட்டு "அறுபத்தெட்டு சதவீதத்தினர் உயரத்தை விரும்பினர்" என்று போட்டார்.

(அவரை நான் கோமாளியாக எழுதிக்கொண்டு வருகிறேன் என்று தெரிகிறது. கதைக்கு வசதியாக இருக்கிறது. ஆனால் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த ஆறு நாளும் அங்கே வராந்தாவில் உட்கார்ந்து என் பெயரில் என் அறிக்கையை எழுதி முடித்தவர் அவர். படிவத்தில் பொய் எழுதும் பழக்கத்தை நான் யாரிடமிருந்து கற்றேன் என்பதும் இதில் தெரியும்.)

4

ஒரு வாரம் கழித்து வண்டிக் கம்பெனிக்காரர் வந்தார். கையில் பதினேழாம் படிவத்தின் நகல். மஞ்சள் மை பூசாத வரியே இல்லை.

"இருபத்துமூணு பேரும் 'நல்லா இருக்கு'ன்னு சொல்லிட்டுப் பரிசுப் பைய வாங்கிட்டுப் போயிருக்காங்க. இந்தம்மா ஒருத்தங்கதான் பேசிருக்காங்க. யாருங்க இவங்க?"

சதவீதம் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அது ஓடவில்லை.

"'எதையும் விட்டுட்டுப் போக வேண்டாம்.' இதத்தான் விளம்பரமாப் போடப்போறோம். ஒவ்வொரு முச்சந்திலயும் பெரிய பலகை. போடறதுக்கு முன்னாடி நான் அவங்கள நேர்ல பாக்கணும். வியாழக்கிழமை பதினோரு மணி, சரியா?"

அவர் போன பிறகு சதவீதம் கதவைச் சாத்தினார்.

"யாரப் புடிச்ச அன்னைக்கு?"

"தெரிஞ்சவங்கதான் சார்."

"அப்ப கூட்டிட்டு வந்துரு. தொல்லை இல்ல."

நான் தலையாட்டினேன். ஆட்டியது நூறு சதவீதம்.

5

மனைவியின் தங்கையை வீட்டில் எல்லாரும் சின்னவள் என்போம். ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். வலியோடு வருகிறவர்களிடம் நாள் முழுக்கப் பேசுவதால் யாரிடமும் அவளுக்கு இரக்கம் கிடையாது. விஷயத்தைச் சொல்லிப் படிவத்தைக் கொடுத்தேன். படித்தாள்.

"மாமா, இது யாரு?"

"உங்கக்கா."

"எங்கக்கா இவ்வளவு இனிமையா எப்பப் பேசினா?"

"பேசுவா."

"'அவர் ஓட்டட்டும், நான் பின்னாடி தூங்கறேன்.' உங்களுக்கு லைசென்சே கெடையாது மாமா."

இந்தக் கதாபாத்திரத்தின் மேல் எனக்கு முதல் சந்தேகம் வந்தது இங்கேதான். நான் சொல்வது மனைவியை.

"அஞ்சு வருஷமா ஸ்கூட்டர ஓட்டினது அவ. நீங்க பின்னாடி. மடியில பை. அவ பிரேக் போட்டா 'அம்மா'ன்னு கத்துவீங்க. எங்க வீட்டுக்கு வந்து அத நடிச்சுக் காட்டுவா."

"நடிச்சுக் காட்டுவாளா?"

"பைய மடில வெச்சுக்கிட்டு. கண்ண மூடிக்கிட்டு."*

அப்புறம் சின்னவள் படிவத்தை மடித்துக் கைப்பையில் போட்டாள். "வரேன். லீவு போட்டுட்டு வரேன். ஆனா இதுல இருக்கறத ஒப்பிக்க மாட்டேன். அவ என்ன சொல்வாளோ அதத்தான் சொல்வேன்."

* இந்த இடத்தை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். கதைக்கு அவசியமில்லை. ஆனால் எட்டு மாதத்தில் அவளைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே புதுச் செய்தி இது.

6

வியாழக்கிழமை. சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பிஸ்கட் தட்டு. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. எங்களுக்கு அதில் எங்கள் முகம்தான் தெரியும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சதவீதத்துக்கும் கம்பெனிக்காரருக்கும் நாங்கள் தெரிவோம். கேள்வி கேட்க வேண்டியவன் நான்.

"வண்டியப் பாத்ததும் என்ன தோணிச்சுங்க?"

"வாடகைக் கோட்டுப் போட்டுட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி இருக்கு. தோள்பட்டை அவனுது இல்ல."

"உயரம் பிடிச்சுதுங்களா?"

"ஏறறப்ப நல்லா இருக்கு. ரெண்டு கையிலயும் பை வெச்சுக்கிட்டு இறங்கிப் பாத்தீங்களா நீங்க? வரைஞ்சவங்க பாத்தாங்களா?"

"போன தடவை, எதையும் விட்டுட்டுப் போக வேண்டாம்னு அழகாச் சொன்னீங்க."

"நானா? விடணுங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் பயணத்துக்கு அயர்ன் பாக்ஸ் எடுப்பார். இடம் இருக்குன்னு தெரிஞ்சா மேசையும் எடுப்பார். ஸ்கூட்டர்ல அந்தத் தொல்லை இல்ல. எனக்கு ஸ்கூட்டர் போதும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தமும் கதவு சாத்தும் சத்தமும் கேட்டன. கம்பெனிக்காரர் பலகை வேலையை நிறுத்தச் சொல்லிப் போன் பேச வெளியே ஓடினார் என்று பிறகு தெரிந்தது.

சின்னவள் ஒரு பிஸ்கட்டை எடுத்து இரண்டாக உடைத்தாள். பெரிய துண்டைத் தான் எடுத்துக்கொண்டு சின்னதைத் தட்டிலேயே வைத்தாள். அவள் அக்காவும் அப்படித்தான் செய்வாள். நான் தாளைப் பார்த்தேன். கேள்விகள் தீர்ந்திருந்தன. தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரர் தனியா ஒரு வண்டி வாங்கினா? நீங்க கூட இல்லாம. அப்ப என்ன சொல்வீங்க?"

அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"அதை நான் எப்படி மாமா சொல்றது?"

7

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் கம்பெனிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண் கலங்கி என் கையைப் பற்றுகிறார். வண்டி விற்கிறவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். அடித்துவிட்டேன்.

இரண்டாவதில் நான் எழுந்து கண்ணாடியைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட்டு வெளியே நடக்க, வெளியே மழை. இன்று மழை இல்லை.

மூன்றாவது, "அப்போது அவளுடைய குரல்" வேண்டாம்.

நடந்தது இது. சதவீதம் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அவர் போன் பேச எங்கும் போகவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"யாரு இது?"

"கொழுந்தியா சார்."

"அப்ப அந்த முதல் படிவம்?"

சின்னவள் கைப்பையிலிருந்து அதை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கி நின்றபடியே முழுக்கப் படித்தார். வயதுக் கட்டத்துக்குத் திரும்பிப் போய் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தார். என்ன சதவீதம் என்று சொல்லவில்லை.

அதற்குள் கம்பெனிக்காரர் வெளியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னங்க இந்தம்மா இப்படி மாறிட்டாங்க? போனதடவை சொன்னது நெஜமா, இன்னைக்குச் சொன்னது நெஜமா? ஒரு ஆளுக்கு ஒரு படிவம்தான். நாலு மணிக்கு அச்சுக்குச் சொல்லியாகணும்." போய்விட்டார்.

சதவீதம் மேசை விளிம்பில் உட்கார்ந்தார். "முதல் படிவத்தக் குடுத்தா பலகை ஏறும். அவ சொன்னதா நீ எழுதினத ஊரே படிக்கும். இன்னைக்கு இந்தப் பொண்ணு சொன்னத எழுதிக் குடுத்தா பலகை இல்ல, முதல் படிவத்தக் கிழிச்சுரணும். ரெண்டும் வேண்டாம், உண்மையச் சொல்றேன்னா, இருபத்துநாலும் குப்பை. உன் வேலை போயிரும். பின்னாடியே நானும் வந்துருவேன்."

"நீங்க சொல்லுங்க சார்."

"பதினேழு உன்னுது, தம்பி."

8

இதைக் காலிப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி மூன்று நாற்பது. மேசை மேல் நான் எழுதிய படிவம், சின்னவளுடைய பதில்களை எழுதிய படிவம், உண்மையை எழுத ஒரு வெள்ளைத்தாள்.

முதல் படிவத்தில் இருப்பவள் என் மனைவி இல்லை. எனக்கு லைசென்ஸ் இருப்பதாக நம்பிய யாரோ ஒருத்தி. ஆனால் இந்த எட்டு மாதத்தில் என்னிடம் பேசியவள் அவள் ஒருத்திதான். இரண்டாவதில் இருப்பவள் கொஞ்சம் அவளேதான். என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். வெள்ளைத்தாளில் யாரும் இல்லை.

இப்படிப்பட்ட கதைகளில் இந்த இடத்தில் என்ன செய்வது வழக்கம் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதினேன்: "அன்புள்ள வாசகரே, மூன்று தாள்களும் இப்போது உங்கள் முன்னே. எதை எடுப்பது என்பதை உங்களிடமே"

பிஸ்கட் தட்டைக் காலி செய்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள் சின்னவள்.

"ஆரம்பிச்சிட்டீங்களா?"

"என்ன?"

"எதக் கேட்டாலும் 'உன் இஷ்டம்'னு ஒதுங்கிக்கறது. திரைச்சீலை என்ன கலர்னு கேட்டா 'உன் இஷ்டம்'. எந்த ஆஸ்பத்திரின்னு அவ காய்ச்சலோட கேட்டப்பகூட 'உன் இஷ்டம்'. போன்ல என்கிட்ட சொன்னா. அதுல அவளுக்குக் கோவம். வேற எதுலயும் இல்ல." பிஸ்கட் தூளைக் கையிலிருந்து தட்டிவிட்டாள். "பாவம், படிக்கறவங்களும் உங்களுக்குப் பொண்டாட்டியா?"

வெகு நேரம் சிரித்தேன். சத்தம் கேட்டுச் சதவீதம் வந்து எட்டிப் பார்த்தார். முகத்தைச் சாய்த்து வைத்துக்கொள்ளவில்லை.

வாசகரே, மேலே இருக்கும் அந்தப் பாதி வாக்கியத்தை அப்படியே விட்டுவிடுங்கள். உங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஒரு தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். எது என்று சொல்ல மாட்டேன். நானே எடுத்தேன்.