பூனைக்கு வரைந்த பெட்டி

பூனையின் இடது காதில் தொடங்கி வால் நுனிவரை இழுத்து, செல்வதாஸ் பெட்டியை முடித்தபோது நேசம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

குடும்பத்துக்கு ஒரு இணையப் பக்கம். இருபது வருடத்துக்கு முந்தைய குடும்பக்கூட்டப் படம். எந்த முகத்தைத் தொட்டாலும் அவரவர் வரலாறு திறக்க வேண்டும். நாற்பத்தொரு தலைக்கும் பெட்டி வரைந்து, ஒவ்வொன்றும் படத்தில் எத்தனையாவது புள்ளியில் தொடங்கி எங்கே முடிகிறதென்று எண் எழுதியிருந்தார். உலகத்தைப் படைத்தவருக்குக்கூட இவ்வளவு முதுகுவலி வந்திருக்காது. கிணற்றுக்கு ஒரு பெட்டி, இடது பக்க மதில்மேல் இருந்த பூனைக்கு ஒன்று. கீழே வலது மூலையில் நின்ற நேசம்மாளுக்கு மட்டும் இல்லை. அவர் தம்பி ஆபேல், முந்திரி உடைக்கும் அண்டி ஆபீசிலிருந்து அவளைக் கட்டிக் கூட்டிவந்தவன். ஆபேல் செத்தும் அந்த முந்திரிக்கொட்டை சுட்ட வாடை மார்த்தாண்டம்வரை அடிப்பதாக செல்வதாஸ் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எனக்க மவ ஜினிஷாவப் பொண்ணு பாக்க ஞாயித்துக்கெழம வாறாவ அத்தான். பையனுக்க அம்ம இந்தப் பக்கத்தப் பாக்கணும்னு கேட்டாவ. எனக்கும் ஒரு பெட்டி போட்டிருங்க."

"நீ மூலையிலல்லா நிக்குத. அங்க பெட்டி போட்டா படத்துக்க சட்டம் இளகிரும்."

"பூனைக்குப் போட்டிருக்கியளே."

"பூனை வந்து கேக்கல்லியே."

அவள் போன உற்சாகத்தில் பூனையின் வரலாற்றை எழுதினார்: 'எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. மீன்சட்டியை உயரத்தில் வைக்கவும்.' அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி போட்ட சத்தம் கருங்கல் சந்தைக்கே கேட்டிருக்கும். கணினியில் ஒவ்வொரு முகமாகத் தொட்டுப் பார்த்தார். பிசகே இல்லை. போனில் பார்க்கத் தோன்றவில்லை. அவருக்குப் போன் பேசுவதற்கு.

ஞாயிறு சாயங்காலம் நேசம்மாள் தனியாக வந்தாள். போனை மேசையில் வைத்தாள்.

"எனக்க மொகத்தத் தொடுங்க."

தொட்டார். பூனை திறந்தது.

"பையனுக்க அம்மையும் இப்பிடித்தான் தொட்டாவ. சொந்தக்காரனே பூனை கணக்கா வச்சிருக்கவளுக்க மவள நாங்க எப்பிடி எடுக்கதுன்னு கேட்டு, வரல்லன்னுட்டு போன வச்சிட்டாவ."

அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. படம் போனுக்குள் சுருங்கிவிட்டது, பெட்டிகள் சுருங்கவில்லை. பழைய எண்ணில் பழைய இடத்தில் அப்படியே கிடந்தன. சுருங்கிய படத்தில் அவள் நின்ற மூலை, பூனையின் பெட்டிக்குள் போய் விழுந்திருந்தது. அவர் செய்த கொடுமையெல்லாம் அவளை விட்டுவிட்டது மட்டும்தான்; இந்த மகா கொடுமை தானாக நடந்திருக்கிறது. இவ்வளவு கச்சிதமாகத் தனக்கே தோன்றாமல் போனதே என்று ஒரு நொடி பொறாமைகூட வந்தது. அடிவயிற்றிலிருந்து ஏறிய சிரிப்பைத் துண்டால் பொத்தினார். துண்டுக்குள் அது வேறெதுவோ ஆகிவிட்டது.

"இது நான் செய்ததில்ல நேசம்மா. இப்பம் மாத்திருதேன்."

"இனி யாரு பாக்கப்போறா."

அவள் குனிந்து, படத்தின் நடு நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்த அவர் முகத்தைத் தொட்டாள். ஒன்றும் திறக்கவில்லை; அவர் பெட்டி இப்போது படத்துக்கு வெளியே கிடந்தது. மறுபடி தொட்டாள். முந்திரிக்கொட்டை எண்ணெய் அரித்துக் கருத்த அந்த விரல்நுனி, அவர் நெற்றியில், கண்ணில், வாயில், அவசரமே இல்லாமல் ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டிருந்தது.